மாடித்தோட்டத்தில் எலி மருந்து வைக்காதீர்கள்: ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

போன சனிக்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். கிளினிக்கைச் சாத்தப்போகும் நேரத்தில் ஓர் அம்மா ஆட்டோவிலிருந்து தன் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆறு வயது நாட்டு நாய், பெயர் ஜூலி. "காலையிலேருந்து எழுந்திருக்கவே இல்ல டாக்டர், மூக்குல லேசா ரத்தம் வருது" என்றார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. காதின் உள்பக்கம் கருநீலத் திட்டுகள். பரிசோதனைக்கு ஊசி குத்திய இடத்தில் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை.

"வீட்டில் எலிக்கு ஏதாவது வைத்தீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"எலிக்கு இல்ல டாக்டர். மாடியில சப்போட்டாவ அணில் ஒண்ணுகூட விட மாட்டேங்குது. அதுக்குத்தான் அந்த நீலக் கட்டிய வாங்கித் தொட்டிக்குப் பின்னாடி வெச்சேன். அதுவும் போன திங்கக்கிழமை."

ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே1 ஊசி போட்டோம். ரத்தம் ஏற்றுவதற்கு வேறொரு நாயை வரவழைத்துக்கொண்டிருந்தோம். அது வந்து சேர்வதற்குள், பதினோரு மணிக்கு ஜூலி போய்விட்டது. இந்த ஒரே மாதத்தில் இது மூன்றாவது. மூன்றும் மாடித்தோட்டம் உள்ள வீடுகள். மூன்று வீட்டிலும் புகார் அணில்மேல்தான். அந்த அம்மாவிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை, அவர் அழுத அழுகை அப்படி. ஆனால் இதை எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் நான்காவது வரும்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். எலி மருந்து, பூச்சி மருந்து, குருணை மருந்து. நம் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, உயிரைக் கொல்வதும் மருந்து. கடையில் போய் "நூறு கிராம் விஷம் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், அதைக் கொண்டுவந்து தக்காளித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க யாருக்கும் கை வராது. மருந்து என்று சொல்லிச் சொல்லியே பயம் போய்விட்டது. இந்தக் கட்டுரை முழுக்க நான் விஷம் என்றுதான் எழுதப்போகிறேன்.

"எலி மருந்து எலியைத்தானே கொல்லும், நாய்க்கு என்ன ஆகும்?" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள்கூடக் கேட்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். எலியை மட்டும் கொல்லும் விஷம் என்று கடையில் எதுவும் கிடையாது. டப்பாவின் மேல் எலிப்படம் போட்டிருப்பது, அது எலிக்காக விற்கப்படுகிறது என்பதற்குத்தான். உள்ளே இருக்கும் பொருளுக்கு அந்தப் படம் தெரியாது. எலிக்கு ரத்தம் உறைவதற்கு எந்த வைட்டமின் வேண்டுமோ, அதேதான் நாய்க்கும், பூனைக்கும், அணிலுக்கும், உங்கள் பேரப்பிள்ளைக்கும் வேண்டும். நீலக் கட்டியில் இருக்கும் புரோமாடியோலோன் என்ற விஷம் அந்த வைட்டமின் கேயின் வேலையைத்தான் நிறுத்துகிறது. எலிக்குக் கொஞ்சம் போதும், நாய்க்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். இன்னொன்று, அந்தக் கட்டியைத் தானிய மாவில் செய்கிறார்கள், ருசியாகத் தின்ன வேண்டும் என்பதற்காகவே. "எங்க நாய் சிக்கனத் தவிர எதையும் தொடாது டாக்டர்" என்று சொன்னவர்களின் நாய்களுக்குத்தான் நான் அதிகம் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

"எட்டாத இடத்துல வெச்சேன்" என்பது அடுத்தது. எலி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் பிராணி இல்லை. கட்டியை இழுத்துக்கொண்டு போகும், வழியில் பாதியைப் போட்டுவிடும். நீங்கள் வைத்தது மொட்டைமாடிச் சுவரின்மேல், நாய் தின்றது மாடிப்படிக்குக் கீழே. விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேருகிறது. வீட்டைச் சுற்றி இரவெல்லாம் எலி பிடிக்கும் கூகையைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்றால் என்ன செய்வது?

இதையெல்லாம்விட உயிரை எடுப்பது ஒன்று இருக்கிறது. "கட்டியத் தின்னு ரெண்டு நாள் ஆச்சு, நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு." இந்த விஷத்தில் முதல் மூன்று நாள் நாய் நன்றாகத்தான் ஓடும். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் உறைவுப் பொருள்கள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றிலிருந்து ஐந்து நாளில் கையிருப்பு தீரும், அப்புறம் நுரையீரலுக்குள், வயிற்றுக்குள், மூட்டுக்குள் என்று ரத்தம் கசியும். தின்ற அன்றே கூட்டி வந்தால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். மூன்று நான்கு வாரம் கே1 மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும், நிறுத்திய இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். (மருந்துக்கடையில் வைட்டமின் கே என்று கேட்டு கே3 வாங்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். கே3 இதற்கு வேலை செய்யாது.) நாய் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் அந்த மூன்று நாள்தான் என்னால் எதையாவது செய்ய முடிந்த மூன்று நாள்.

நீலக் கட்டிக்காவது விஷமுறிவு மருந்து இருக்கிறது. கருவாட்டில், தேங்காய்ச் சில்லில் தடவி வைக்கும் கறுப்புப் பொடி துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாகிறது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. பற்பசை மாதிரியே ட்யூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசைக்கும் கிடையாது, அது ஈரலைக் கரைத்துவிடும். தமிழ்நாட்டில் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பழைய ட்யூப் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கட்டாயம். அப்புறம், பூச்சிக்காக மண்ணில் போடும் குருணை. ஊரிலிருந்து மாமா கொடுத்தார் என்று திமெட் குருணையைத் தொட்டி மண்ணில் கலந்து வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து, வாயில் நுரை தள்ளி, உடம்பெல்லாம் நடுங்கும் பூனைக்குட்டி ஒன்று வந்தது. திமெட் என்ற ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒன்று. அந்தத் தொட்டியில் கீரை வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டார் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இயற்கை உரம்தானே என்று யாரும் சந்தேகப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அதை எலும்புத்தூளோடு கலந்து தொட்டியில் போட்டால், எலும்பு வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். ரத்தமாகப் போகும், பல நாய்கள் பிழைப்பதில்லை. நாய் வளர்ப்பவர்கள் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். அதன் கசப்புக்கே பெரும்பாலும் நாய் வாய் வைக்காது.

சரி, அணிலை என்ன செய்வது?

முதலில் அது அணில்தானா என்று பாருங்கள். நான் சொல்வது செலவில்லாத சோதனை. சாயங்காலம் இருட்டியதும் பழங்களைப் போனில் படம் எடுங்கள். காலை விடிந்ததும் மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கடிபட்டிருந்தால் அது அணில் இல்லை. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணில் பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் போய்விடும், விடிந்த பிறகுதான் இறங்கும். ராத்திரி கடித்தது எலி, இல்லையென்றால் பழந்தின்னி வௌவால். சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டை தரையில் கிடந்தால் வௌவால். தரையில் இருக்கும் தோட்டத்தில் செடியடி மண்ணைக் குவித்துப் பெரிய வளை போட்டிருந்தால் பெருச்சாளி. பகலில் கண்ணுக்குத் தெரிவது அணில் மட்டும்தான் என்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. இப்படிப் படம் எடுத்துப் பார்த்தவர்களில் பலர் "எலிதான் டாக்டர்" என்று திரும்பி வந்திருக்கிறார்கள்.

எலி என்றால் அதற்குச் சோறு போடுவது யார் என்று பாருங்கள். மூடி இல்லாத உரத்தொட்டியில் கொட்டிய பழைய சோறு, காக்கைக்கு வைத்து மிஞ்சியது, நாயின் தட்டில் ராத்திரி முழுக்கக் கிடக்கும் தீனி. மூன்றையும் இருட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கூண்டுப் பொறியில் மசால் வடையோ சுட்ட தேங்காயோ வையுங்கள். இருட்டிய பிறகு பொறியைத் திறந்து, விடிவதற்குள் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் அணில் மாட்டும். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள், நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

அணிலே என்றால், பழத்தை மூடுங்கள். வேறு ஒரு வித்தையும் இல்லை. பழைய வேட்டித் துணியில் பை தைத்து, காய் பழுக்கத் தொடங்கும் முன்பே கட்டிவிடுங்கள். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் இது போதும். சப்போட்டாவை மரத்திலேயே பழுக்கவிட்டுக் காவல் இருக்காதீர்கள். மேலே இருக்கும் பழுப்புச் சொரசொரப்பு உதிர்ந்து, நகத்தால் கீறும்போது பச்சை தெரியாமல் மஞ்சள் தெரிந்தால் பறித்து அரிசிப் பானையில் போடுங்கள், வீட்டுக்குள்ளேயே பழுக்கும். தக்காளியையும் நிறம் திரும்பும்போதே பறிக்கலாம். இதை ஜூலியின் அம்மாவுக்கு ஒரு மாதம் முன்பு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நாற்றுகளுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையில் கூடை மாதிரி செய்து கவிழ்த்து வையுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தனியாக நிற்கும் மரம் என்றால் அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வழவழப்பான தகரம் அடித்தால் எலியும் அணிலும் ஏறுவது கடினம். கோடையில் தண்ணீர் வையுங்கள். வெயில் நேரத்தில் தாகத்துக்காகவும் அணில் பழத்தைக் கடிக்கிறது.

நைலான் வலை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் வலையில் சாரைப்பாம்பும் தேன்சிட்டும் அணிலும் சிக்கி அறுபடுகின்றன. சாரைப்பாம்பு உங்களுக்காக எலி பிடிக்க வந்த ஆள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுப் பழமரங்களுக்குக் கட்டும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். விரல் நுழையாத வலையை இழுத்துக் கட்டுங்கள்.

எலி பிடிக்க விற்கும் பசை அட்டையைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஒட்டிய அணில் உடனே சாவதில்லை, தோல் உரிய இழுத்து இழுத்து நாள் கணக்கில் சாகிறது. அப்படி எதையாவது பார்த்தால் பிய்த்து எடுக்காமல் சமையல் எண்ணெய் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள், இல்லை அட்டையோடு எங்களிடம் கொண்டு வாருங்கள். அந்துருண்டையும் விஷம்தான், தோட்டத்தில் போடாதீர்கள். மிளகாய்ப்பொடி ஒரு மழைக்குக் கரைந்துவிடும், அதுவரை நாய் கண்ணை எரிக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் என்று விற்கும் அல்ட்ராசோனிக் கருவிக்குக் காசை வீணாக்க வேண்டாம், சில நாளில் அணிலுக்கும் எலிக்கும் அது பழகிவிடும். அணிலைப் பிடித்து வேறு ஊரில் விடுவதும் வேண்டாம். காலி இடத்துக்கு அடுத்த அணில் வரும், நீங்கள் கொண்டுபோனது தாய் என்றால் குட்டிகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் நாயோ பூனையோ எதையாவது தின்றுவிட்டால், அல்லது தின்றிருக்கும் என்று சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகும். பால், எண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். பாஸ்பரஸ் கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். டப்பாவையோ மீதிக் கட்டியையோ கூடவே கொண்டு வாருங்கள். அதில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். வாய்க்குள் கறுப்புப் பொடி தெரிந்தால் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். நாய் வாந்தி எடுத்தால் வரும் வாயு உங்களையும் பாதிக்கும். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், திட்டமாட்டேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாடிக்குப் போய் எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, வைத்த இடத்தில் மட்டும் இல்லாமல் எல்லாத் தொட்டிக்குப் பின்னாலும், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், மாடிப்படி மூலையிலும் பாருங்கள். செத்த எலி கிடந்தால் அதையும் எடுங்கள். எத்தனை கட்டி வைத்தீர்கள், எத்தனை கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், நாய் எவ்வளவு நன்றாக ஓடி விளையாடினாலும், அன்றே கூட்டி வாருங்கள்.