எச்-இண்டெக்ஸ் எழுதுமுன் பட்டியலைச் சரிபாருங்கள்

ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒற்றை எண்ணில் சொல்லும் அளவு எச்-இண்டெக்ஸ். மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்கள் பல. ஒரே மருத்துவ ஆய்வாளருக்கு ஒரே நாளில் கூகுள் ஸ்காலர் 21 என்று காட்டும், ஸ்கோபஸ் 15 என்னும், வெப் ஆஃப் சயின்ஸ் 13 என்னும். மூன்றுமே பொய்யில்லை. ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், முன்பதிப்பு (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்) என்று இணையத்தில் கிடைக்கும் எல்லாவற்றிலிருந்தும் கூகுள் ஸ்காலர் மேற்கோள்களை வாரிக்கொள்கிறது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்து சேர்த்த வெளியீடுகளுக்குள் மட்டுமே எண்ணுகின்றன. வெப் ஆஃப் சயின்ஸில் நிறுவனம் எந்த ஆண்டுகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் எண் மாறும். தரவுத்தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் பக்கத்தில் இல்லாத எச்-இண்டெக்ஸை மதிப்பீட்டுக் குழு எதோடும் ஒப்பிட முடியாது.

இந்த அளவீட்டை 2005இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். கணக்கு எளிது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ மேற்கோள் பெற்ற கடைசிக் கட்டுரை எத்தனையாவதோ, அதுதான் எச். ஏழு கட்டுரைகள் 48, 19, 11, 6, 5, 5, 2 மேற்கோள் பெற்றிருந்தால், ஐந்தாவதற்கு 5 உண்டு. ஆறாவதற்கு 6 இல்லை. ஆகவே எச் 5. முதல் கட்டுரையின் 48 நாளை 4,800 ஆனாலும் எச் 5தான். ஆனால் 5 வாங்கிய இரண்டு கட்டுரைகளுக்கும் ஆளுக்கொரு மேற்கோள் கூடினால் போதும், எச் 6 ஆகிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றிக்கொள்ளும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. ஸ்கோபஸில் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு. நீக்கியது, நீக்காதது என இரண்டு எண்ணையும் கொடுப்பதே நேர்மை.

எண் கெடுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, பட்டியலில். அதே ஏழு கட்டுரைகளுக்கு நடுவே, அதே பெயருள்ள வேறொருவரின் இரண்டு கட்டுரைகள் 9, 8 மேற்கோளோடு நுழைந்தால் எச் சத்தமில்லாமல் 6 ஆகிவிடும். கூகுள் ஸ்காலர் பக்கம் தொடங்கும்போது அது நீட்டும் கட்டுரைத் தொகுதிகளைப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொள்வதால் வரும் வினை இது. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை அணைத்து, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிவையுங்கள். ஒரே கட்டுரை முன்பதிப்பாகவும் ஆய்விதழ்ப் பதிப்பாகவும் இரண்டு வரியில் நின்றால், இரண்டையும் குறியிட்டு இணைக்கலாம்.

ஸ்கோபஸில் நேர்மாறான தொல்லையும் உண்டு. தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக இடம் மாறினாலோ, பணியிடம் மாறினாலோ ஒருவருக்கே இரண்டு ஆசிரியர் அடையாள எண்கள் உருவாகிவிடும். பாதிக் கட்டுரைகள் ஒன்றில், மீதி இன்னொன்றில். இணைக்கச் சொல்லித் திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டும். ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாளத்தை (கடைசி இடத்தில் மட்டும் எக்ஸ் வரலாம்) கட்டுரை சமர்ப்பிக்கும்போதே கொடுத்துவந்தால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

பிறகு ஒரு விரிதாள். டி.ஓ.ஐ. (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்), பி.எம்.ஐ.டி. (மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட் தரும் எண்), ஆண்டு, கட்டுரை வகை, ஆசிரியர் வரிசையில் இடம், மேற்கோள், தன்மேற்கோள்: இந்த ஏழு பத்திகள் போதும். பப்மெடில் பெயரைத் தட்டி வரும் எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். எல்லா ஆய்விதழும் அங்கே இல்லை. பெயர் ஒத்தவர்கள் மட்டும் தாராளமாக இருப்பார்கள். பெரிய கூட்டாய்வுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பப்மெட் பதிவில் ‘ஆசிரியர்கள்’ வேறு, ‘ஒத்துழைத்தவர்கள்’ வேறு. இரண்டாவது பட்டியலில் பெயர் இருப்பவர் அக்கட்டுரையின் ஆசிரியர் ஆகமாட்டார். ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும் அப்படியொரு கட்டுரை உள்ளே வந்தால் மொத்த மேற்கோள் எண்ணிக்கையே அர்த்தமிழந்துவிடும்.

இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழின் அளவு, ஆளுடையது அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரை, மீளாய்வுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். தலையங்கமும் கடிதமும் பெறும் மேற்கோள் பின்னத்தின் மேலே (தொகுதியில்) சேரும், அவற்றின் எண்ணிக்கையோ கீழே (பகுதியில்) சேராது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழுக்கு 2008இல் சுமார் 2ஆக இருந்த இம்பாக்ட் ஃபேக்டர் 2009இல் ஏறத்தாழ 50 ஆனது. காரணம், படிக ஆய்வு மென்பொருள் பற்றிய ஒரே ஒரு கட்டுரை. அந்த ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிடவில்லை.

துறை மாறினால் ஒப்பீடும் செல்லாது. புற்றுநோயியலில் சாதாரணமாகக் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கை தடயவியல் மருத்துவத்தில் அரிது. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரையோடு ஒப்பிடும் அளவுகள் இதற்காகவே வந்தன. ஸ்கோபஸின் துறைசார் மேற்கோள் தாக்கத்தில் 1 என்றால் உலகச் சராசரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) நடத்தும் ஐசைட் தளத்தில் பி.எம்.ஐ.டி. எண்களை ஒட்டினால் சார்பு மேற்கோள் விகிதம் இலவசமாகவே கிடைக்கும். அங்கே 1 என்பது என்.ஐ.எச். நிதியில் வரும் வழக்கமான கட்டுரையின் அளவு. பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் மட்டும் உள்ளவருக்குச் சராசரி எடுத்தால், மேற்கோள் குவித்த ஒரே கட்டுரை எல்லாவற்றையும் தூக்கிவிடும். இடைநிலை எண்ணை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள்.

கடைசிச் சோதனை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கு எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்களின் மேற்கோளும் கணினிக்கு ஒரு மேற்கோள்தான். பப்மெடில் ‘திரும்பப் பெறப்பட்ட வெளியீடு’ என்ற குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். இருந்தால் வரியை அழித்துவிடாமல், குறிப்பெழுதி வைத்துக்கொண்டு கணக்கிலிருந்து மட்டும் விலக்குங்கள்.