ஸ்லோ குக்கரில் எலுமிச்சைக் கோழி: சாறு எப்போது, தண்ணீர் எவ்வளவு, கரண்ட் போனால் என்ன?

போன மாதம் கல்குளம் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வயது 62. ரத்த அழுத்தம், கொஞ்சம் கொழுப்பு, முழங்கால் வலி. நான் நாகர்கோவிலில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என் மேஜைக்கு முன்னால் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த மூன்றும் இருக்கும். புதிதாக இருந்தது அவர் சொன்ன விஷயம்தான்.

"மக்களே, மக வெளிநாட்டில நர்ஸா இருக்கா. லீவுக்கு வந்தப்போ ஒரு குக்கர் கொண்டு தந்திட்டுப் போனா. தானா வேகுமாம், உடம்புக்கு நல்லதாம். அதுல நாரங்கா போட்டு கோழி வச்சேன். மேல எண்ணெய் மெதக்குது, வாயில வச்சா கைக்குது. இதையா தின்னச் சொல்லுதா?"

எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். தோலோடு வெட்டிய கோழி. தேங்காயைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து அரைத்த மசாலா. இரண்டு எலுமிச்சையைத் தோலோடு நான்காக வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எட்டு மணி நேரம். சரிதான், வறுத்தரைச்ச குழம்பை அப்படியே பாத்திரம் மாற்றி வைத்திருக்கிறார். நம் ஊர்க் குழம்பை நான் குறை சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேக வைக்கும் கரண்ட் பாத்திரம், கொழுப்பை எங்கேயும் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. நாம் போட்டதைத்தான் திருப்பித் தரும்.

அதன் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. வதக்கவும் வறுக்கவும் வேண்டாம், அடிப்பிடிக்காது, ஆகவே எண்ணெய் இல்லாமலே கோழியை மெத்தென்று வேக வைக்கலாம். தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். கொழுப்பு கூடிய ஒருவர் ஒரு வேளைக் கறியில் மூன்று கரண்டி எண்ணெயை ஒரு கரண்டியாகக் குறைக்க முடிந்தால், அது மகள் தந்த குக்கரின் புண்ணியம். கோழித் தொடையில் தோலை உரித்துவிட்டாலே அதிலுள்ள கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கடையில் வெட்டும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் வந்து உரிப்பேன் என்பவர்கள் உரிப்பதில்லை.

இனி செய்முறை. நான்கு பேருக்கு முக்கால் கிலோ, எலும்போடு தொடைத் துண்டுகள். நெஞ்சுக்கறி இந்தச் சமையலுக்கு ஒத்துவராது, நேரம் கொஞ்சம் கூடினாலும் நார் நாராக வறண்டுவிடும். இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடிமனாக அரிந்து அடியில் பரப்புங்கள். கேரட்டோ உருளைக்கிழங்கோ சேர்ப்பதானால் அதுவும் அடியில்தான். இந்தக் குக்கரில் சூடு அடியில் இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் வருகிறது, கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும். பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, கால் ஸ்பூன் மஞ்சள், ஒன்றரை ஸ்பூன் இடித்த நல்லமிளகு, மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். இவற்றைக் கோழியில் பிசறி வெங்காயத்தின் மேல் வையுங்கள். தண்ணீர் அரை டம்ளர் போதும். மூடியில் படியும் ஆவி உள்ளேயே சொட்டுவதால் எதுவும் வற்றாது, கோழியும் வெங்காயமும் தண்ணீர் விடும். வழக்கம்போல் இரண்டு டம்ளர் ஊற்றினால் கறி கஞ்சியாகிவிடும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலும் இருக்கட்டும்.

‘ஹை’யில் வைத்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம், ‘லோ’வில் ஐந்து முதல் ஆறு. நாட்டுக்கோழி என்றால் ‘லோ’வில் ஏழெட்டு மணி நேரமும் ஆகலாம். ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும் முன் ‘ஹை’யில் போட்டுவிட்டுப் போனால், வந்து சேலை மாற்றிச் சோறு வைக்கும் நேரத்துக்குத் தயாராக இருக்கும். நடுவில் யாராவது வீட்டில் இருந்தால் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பிவர இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

எலுமிச்சை இன்னும் வரவே இல்லை, கவனித்தீர்களா? அது கடைசியில்தான். அந்த அம்மாவுக்குக் கைத்தது தோலாலும், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையாலும், கொட்டையாலும். மணிக்கணக்கில் வெந்தால் அந்தக் கசப்பெல்லாம் குழம்பில் இறங்கும். எலுமிச்சைச் சாற்றையும் முதலிலேயே ஊற்றினால் வாசம் போகும், வைட்டமின் சி சூட்டில் அழியும். முந்தின இரவே சாற்றில் ஊறப் போட்டால் கறியின் மேல்புறம் மாவு மாதிரி ஆகிவிடும். ஆகவே கறி வெந்து, குக்கரை அணைத்த பிறகு ஒன்றரை அல்லது இரண்டு பழத்தின் சாற்றைக் கொட்டை இல்லாமல் பிழிந்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள். தோலின் மணம் வேண்டும் என்றால் மஞ்சள் பகுதியை மட்டும் லேசாகச் சுரண்டித் தூவலாம்.

இந்தப் புளிப்புக்கு வேறொரு வேலையும் உண்டு. நாக்கில் புளிப்பும் மிளகும் படும்போது உப்பு குறைந்தது தெரியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். மேலே சொன்ன ஒரு ஸ்பூன் நான்கு பேருக்குப் பிரிகிறது. மதியம் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது, அது வேறு. எலுமிச்சை உடம்புக் கொழுப்பைக் கரைக்கும் என்று கைபேசியில் வரும் செய்தியை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் காட்டுகிறார்கள். கரைக்காது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாற்றைப் பாதியாக்குங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எத்தனை துண்டு என்பதை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சமையலைவிட நான் அதிகம் கவலைப்படுவது சூட்டைப் பற்றி. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கல்யாண வீடு. கோழியின் உள்ளே 74 டிகிரி எட்ட வேண்டும். பிரஷர் குக்கர் இந்த இடைவெளியைச் சில நிமிடத்தில் தாண்டிவிடும், ஸ்லோ குக்கர் நிதானமாகத் தாண்டும். ஃப்ரீசரில் இருந்து கல்லாக எடுத்த கோழியை நேராகப் போட்டால் பல மணி நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க இளக விடுங்கள். குழாயடியில் கோழியைத் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவதும் வேண்டாம், கிருமி தொட்டி முழுக்கப் பரவும். கழுவாமல் மனசு கேட்காது என்றால், பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்புறம், கரண்ட். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ரப்பர் மரக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், உடனே கறியை அடுப்புக்கு மாற்றி முழுக்க வேக வைத்துவிடுங்கள். ஏற்கெனவே முழுதாக வெந்துவிட்டது என்றால் இரண்டு மணி நேரம் வரை தாங்கும். வெளியே போயிருந்தபோது, எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை என்றால் கொட்டிவிடுங்கள். வெந்த மாதிரி இருந்தாலும் சரி, மணம் நன்றாக இருந்தாலும் சரி. சில கிருமிகள் விட்டுப் போகும் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. திருகு வைத்த பழைய மாடல்களில் கரண்ட் வந்ததும் சத்தமில்லாமல் மறுபடி ஓடத் தொடங்கும், நமக்குத் தெரியவே தெரியாது. டிஜிட்டல் மாடல் என்றால் பெரும்பாலும் நேரம் அழிந்து மினுக்கும். அந்த வகையில் அது நல்லது.

அமெரிக்காவில் இருந்து வந்த குக்கர் என்றால் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஒருவர் படிக்காமல் செருகி, கோழிக்கு முன்னால் குக்கர் வெந்துபோன கதை எனக்குத் தெரியும்.

தொட்டுக்கொள்ள மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கூடவே வந்துவிட்டது. சாப்பிடலாம், சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்த வேண்டும். ஆனால் பச்சைக் கிழங்கை வெட்டிக் கோழியோடு குக்கரில் போட்டுவிடாதீர்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நம் அம்மாக்கள் திறந்த பானையில் நிறைய வெள்ளம் வைத்து வேகவிட்டு, அந்த வெள்ளத்தை ஊற்றிக் களைவது அதற்காகத்தான். மூடிய குக்கரில் ஊற்றிக் களைய வழியில்லை. ராஜ்மா பயறையும் நேராகப் போடக் கூடாது, அதிலுள்ள நஞ்சு வேறு. ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் தளதளவென்று நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் ஸ்லோ குக்கருக்குப் போக வேண்டும். நேராகப் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். திரும்பச் சூடாக்குவது அடுப்பில்தான்.

அந்த அம்மா இந்த வாரம் மறுபடி வந்தார். சின்ன டப்பா ஒன்றைத் திறந்து வைத்தார். தோல் இல்லை, கைப்பு இல்லை, எலுமிச்சை மணம் அறை முழுக்க. ஆனால் குழம்பு வெள்ளையாக இருந்தது. என்ன இது என்று பார்த்தேன்.

"ஒரே ஒரு கை தேங்காதான் மக்களே. அதுவும் வறுக்கல்ல."

அடுத்த தடவை அரைக் கை என்று அட்டவணையில் எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, மீன் கறியும் இதில் வைக்கலாமா என்று கேட்டார். கால் மணி நேரத்தில் வேகிற மீனுக்கு எதற்கு ஆறு மணி நேரம், மண்சட்டியிலேயே வையுங்கள் என்றேன். "அதைத்தான் நானும் மகள்ட்ட சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.