ஜெர்மன் தட்டம்மை என்று ஒரு தட்டம்மை இல்லை

"பிள்ளைக்குத் தட்டம்மை வந்து போய்விட்டது. அப்புறம் ஜெர்மன் தட்டம்மைக்கு எதற்கு ஊசி?" என்று ஒரு தாய் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. தவறு அந்தப் பெயரில் இருக்கிறது.

ஜெர்மன் தட்டம்மை என்று சொல்லப்படும் நோயின் மருத்துவப் பெயர் ரூபெல்லா. அது லத்தீன் சொல். 'இளஞ்சிவப்பானது' என்று பொருள். 1866-இல் ஹென்றி வீல் என்ற மருத்துவர் வைத்த பெயர். அதற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், ஜெர்மன் மருத்துவர்கள் இந்நோயை விவரித்திருந்தார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் அந்த அடைமொழி. ஆனால் 1881-லேயே இது தட்டம்மையிலிருந்து வேறான நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டின் வைரஸ்களும் வெவ்வேறு குடும்பங்கள். ஒன்று வந்து போனால் மற்றொன்றுக்கு எதிர்ப்பு வராது. தமிழிலோ, ஆங்கிலத்தின் பழைய குழப்பத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். 'தட்டம்மை' என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெர்மன் மறைந்துவிடும், தட்டம்மை மட்டும் நிற்கும். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடும் செவிட்டுத்தன்மையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும். கண்புரைத் தொடர்பை 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் கண்டு சொன்னார். இத்தனை தீவிரமான நோயைத் தட்டம்மையின் ஒரு வகைபோலப் பெயரிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, 'செவ்வம்மை' என்று தூய தமிழில் சொல்லலாமே என்பார்கள். நானும் தமிழ்ச்சொல்லை விரும்புகிறவன்தான். ஆனால் தட்டம்மையின் தடிப்பும் சிவப்புதானே? லத்தீனிலேயே தட்டம்மைக்கு ரூபியோலா என்று இன்னொரு சிவப்புப் பெயர் உண்டு, மாணவர்கள் இன்றும் இரண்டையும் மாற்றிப் படிக்கிறார்கள். நிறத்தை மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பமும் கூடவே வரும். ரூபெல்லா என்றே எழுதுவோம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு எல்லாவற்றிலும் அம்மையைச் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தட்டம்மை, மம்ப்ஸ், ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியின் நடு எழுத்துக்கு உரிய மம்ப்ஸ் நோயைக்கூடத் 'தாளம்மை' என்கிறார்கள். அதில் தடிப்பே வராது, காதுக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். 'பொன்னுக்கு வீங்கி' என்ற பேச்சு வழக்கிலேயே அந்த வீக்கம் இருக்கிறது. அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?