இங்கிலாந்தில் நிலம் வாங்குகிறீர்களா? தசமபாகம் விட்டுப்போன வில்லங்கம்

இங்கிலாந்துக் கிராமத்தில் பண்ணையோ பழைய வீடோ வாங்குகிறவர்கள், வழக்கறிஞரின் தேடல் பட்டியலில் 'சான்சல்' (ஊர்ச் சர்ச்சின் பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவுப் பொறுப்பு) என்ற வரியைப் பார்த்ததும் "நாம் அந்தச் சர்ச்சுக்கே போனதில்லையே" என்பார்கள். மதம் எதுவானாலும் இதில் விலக்கில்லை. பொறுப்பு மண்ணோடு வருவது.

விளைச்சலில் பத்தில் ஒன்று சர்ச்சுக்குப் போன காலத்தில் தானியம், உலர்புல், மரம் ஆகிய பெரிய தசமபாகம், ஊர்ச் சர்ச்சின் வரவுக்கு உரியவரான ரெக்டருக்கு. கம்பளி, பால், முட்டை போன்ற சில்லறை, அவருக்குப் பதிலாகச் சர்ச்சை நடத்தும் பாதிரியாரான விகாருக்கு. பெரிய பங்கை வாங்குகிறவர்தான் பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான சான்சலைப் பழுதுபார்க்க வேண்டும். மக்கள் உட்காரும் பகுதி ஊரார் பொறுப்பு. பல ஊர்களில் மடங்களே ரெக்டர். எட்டாம் ஹென்றி அவற்றைக் கலைத்தபின் இந்த வரவு பிரபுக்கள், கல்லூரிகள் கைக்குப் போனது, கூடவே செலவும். பிறகு பொதுநிலங்களை வேலியடைத்துப் பங்கிட்டபோது, பல ஊர்களில் தசமபாகத்துக்கு ஈடாக நிலத்தையே கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். சிக்கல் இங்கேதான். மற்ற இடங்களில் தசமபாகம் 1836 சட்டத்தால் பணக்கட்டணமாகி, 1936-ல் அதுவும் ஒழிந்தது. ஈடாகக் கொடுத்த நிலத்தின் மேல் இருந்த பழுதுப் பொறுப்போ ஒழியவில்லை.

வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் 1743-ல் அப்படிக் கொடுத்த கிளானேக்கர் என்ற வயல், பிற்காலத்தில் ஒரு தம்பதியின் பண்ணையோடு வந்து சேர்ந்தது. சான்சல் பழுதுச் செலவைச் சர்ச் அவர்களிடம் கேட்ட வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2003-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2007-ல் முடிவான பழுதுச் செலவு மட்டும் 1,86,000 பவுண்டுக்கு மேல். வழக்குச் செலவு தனி.

முதலில் நிலப்பதிவேட்டின் 'சி' பகுதியைப் பாருங்கள். 2013 அக்டோபர் 13 முதல் இந்தப் பொறுப்பு பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். அதற்குப்பின் விலை கொடுத்து வாங்கும்போது அதில் குறிப்பு இல்லையென்றால், வாங்கியவருக்குப் பொறுப்பில்லை. 'விலை கொடுத்து' என்பதைக் கவனியுங்கள். தானமாகவோ வாரிசாகவோ வந்த சொத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2013-க்கு முன்னிருந்தே கைமாறாத நிலத்தின் மேல் சர்ச் இன்றும் குறிப்பு ஏற்றலாம். நிலம் பதிவேட்டுக்கே வராததென்றால் 'காஷன்' (முதல் பதிவுக்கு எதிரான எச்சரிக்கைக் குறிப்பு) தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் வழுக்குவது அடுத்த படியில். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 104 என்ற வரிசை உண்டு. அதில் ஊர் பெயர் இல்லையென்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த வரிசை 1936-ல் கட்டணம் ஒழிந்த நிலங்களுக்கானது. வேலியடைப்பில் ஈடாகக் கொடுத்த நிலம் அதில் வராது. அதற்கு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் நிலம் பங்கிட்ட வேலியடைப்பு ஆவணத்தைத் தேட வேண்டும். வீட்டுப் பெயரில் 'கிளீப்' (சர்ச் நிலம்), 'ரெக்டரி' (ரெக்டர் வீடு) என்று இருப்பது ஒரு துப்பு, அவ்வளவே. பெயரில் ஒன்றுமில்லாத, சர்ச் கண்ணுக்கே தெரியாத வயலும் மாட்டும்.

ஈட்டு நிலம் பல மனைகளாகப் பிரிந்திருந்தாலும் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். மற்றவர்களிடம் பங்கு வசூலிப்பது அவர் பாடு.

சந்தேகம் நீடித்தால் ஒரே தவணையில் காப்பீடு எடுக்கலாம். அதற்குமுன் பாதிரியாரிடம் விசாரிக்காதீர்கள். விஷயம் சர்ச்சின் காதுக்குப் போனபின் காப்பீடு கிடைப்பது கடினம். குறிப்பு ஏற்கெனவே ஏறிவிட்ட நிலமென்றால், மறைமாவட்டத்துக்கு மொத்தத் தொகை கட்டிப் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ள 1923 சட்டத்தில் வழி உண்டு. அந்தத் தொகையை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.