அந்த அவுட்லைனை அழிக்காதீர்கள்

டேப் கீயில் நகரும்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் கோடுதான் அவுட்லைன். அதை அழித்துவிட்ட இணையதளம் இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஏற்காட்டில் காட்டேஜ் வாடகைக்கு விடுகிற ஒருவர் மலையிறங்கி, சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு மவுஸ் பிடிக்க முடியாதவர். டேப் கீயைத் தட்டித் தட்டித்தான் படிவம் நிரப்புவார். மே மாத மலர்க் கண்காட்சிக்கு அறை பதிவு செய்ய உட்கார்ந்தவர், எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று தெரியாமல் 'ரத்து' மேலேயே என்டர் தட்டிவிட்டார். இரண்டு முறை.

தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்தேன். முதல் பத்து வரிக்குள்ளேயே நட்சத்திரக் குறி போட்டு, எல்லாவற்றுக்கும் 'அவுட்லைன் நன்' (outline: none), அதாவது எதற்கும் கோடு வேண்டாம்.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "ஹோவர்ல கலர் மாறுதே சார், அது போதாதா?" போதாது. ஹோவர் என்பது மவுஸ் முனை மேலே வந்து நிற்கும் நிலை. ஃபோக்கஸ் என்பது கீபோர்டு இப்போது எதைப் பிடித்திருக்கிறதோ அதன் நிலை. இரண்டும் தனித்தனி சூடோ கிளாஸ், அதாவது பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் குறி. டேப் கீயை நூறு முறை தட்டினாலும் ஹோவர் அசையாது. போனில் மவுஸே கிடையாது. தொட்ட பட்டனில் ஹோவர் நிறம் ஒட்டிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஹோவரை அழகுக்கு வையுங்கள், அதை நம்பி எதையும் ஒளித்து வைக்காதீர்கள்.

"கிளிக் செய்தாலும் கட்டம் தெரிகிறது, கிளையன்ட் திட்டுகிறார்" என்ற புகார் ஒரு காலத்தில் நியாயம். அதற்குத்தான் ஃபோக்கஸ்-விசிபிள் என்ற சூடோ கிளாஸ் வந்தது. மவுஸில் பட்டனைத் தட்டினால் கோடு வராது, டேப் கீயில் வந்தால் வரும். மார்ச் 2022-இல் சஃபாரி 15.4 வந்ததிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. இன்னும் என்ன சாக்கு? கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனிமூட்டப் படத்தின் மேல் வெளிர் சாம்பல் கோடு போட்டு என்ன பயன்? பின்னணியோடு குறைந்தது 3:1 நிற வேறுபாடு இருக்கட்டும்.

அப்புறம் சூடோ எலிமென்ட், அதாவது பக்கத்தில் எழுதாத ஒன்றை சிஎஸ்எஸ் வழியாக ஒட்டவைப்பது. ஆஃப்டர், பிஃபோர் இரண்டும் அந்த வகை. அதே தளத்தில் 'வரி தனி' என்ற சொற்களை ஆஃப்டரின் கன்டென்ட்டில் எழுதியிருந்தார்கள். அதை நகலெடுக்க முடியாது, கண்ட்ரோல் எஃப் போட்டாலும் சிக்காது. பணம் சம்பந்தப்பட்ட வார்த்தை, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில்தான் இருக்க வேண்டும். ஆஃப்டரும் பிஃபோரும் அலங்காரத்துக்கு மட்டும்.

தம்பிகளே, தங்கைகளே, தளத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, பணம் கட்டும் பக்கம் வரை டேப் கீயிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.