கைத்தறியில ஸ்போர்ட்ஸ்வேர் பண்ண மத்திய அரசு காசு தருமா?

தரும், ஆனா எல்லாரும் முதல்ல ஓடுற பிஎல்ஐ (உற்பத்திக்கு ஏத்த ஊக்கத்தொகை) ஸ்கீம்ல இல்லைங்க. அது 10,683 கோடி ரூபாய் ஸ்கீம்தான், ஆனா 2021ல அறிவிச்சப்போ உள்ள நுழையவே குறைஞ்சது 100 கோடி முதலீடு கேட்டாங்க, நாலு தறி வச்சிருக்கிறவர் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்க முடியாது.

நமக்கு ஒத்துவர்றது கிரேட்னு ஒரு ஸ்கீம். 2020ல 1,480 கோடியில வந்த தேசிய தொழில்நுட்ப ஜவுளி (அழகுக்காக இல்லாம ஒரு குறிப்பிட்ட வேலைக்காக செய்யுற துணி) இயக்கத்துக்குக் கீழ 2023ல ஆரம்பிச்சாங்க. 18 மாசம் வரைக்கும், 50 லட்சம் வரைக்கும் மானியம், திருப்பிக் கட்ட வேண்டாம், அரசு உங்க கம்பெனில பங்கோ ராயல்டியோ கேக்காது. நீங்க கைக்காசு 10 சதவீதம் போடணும், ஏதாவது ஒரு இன்குபேட்டர் (புதுத் தொழிலை வளர்த்துவிடுற மையம்) மூலமா போகணும். வெறும் ஐடியா பத்தாது, கையில செஞ்சு காட்ட ஒரு சாம்பிள் இருக்கணும்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. பாட்டன் காலத்து தறின்னு பத்து பக்கம் எழுதினா யாரும் அசைய மாட்டாங்க, துணி என்ன வேலை செய்யுதுன்னு காட்டணும், ஏன்னா தொழில்நுட்ப ஜவுளியில விளையாட்டுத் துணிக்குன்னு ஸ்போர்ட்டெக்னு ஒரு பிரிவே அதுக்காகத்தான் இருக்கு. உதாரணமா காட்டன் வேர்வையை உறிஞ்சி தன்கிட்டயே வச்சுக்கும், உடம்போட ஒட்டும். அதுக்கு ரெண்டு அடுக்கா நெய்யலாம், உடம்புப் பக்கம் பாலியஸ்டர் இழை, வெளிப்பக்கம் காட்டன், வேர்வை வெளிய போய் அங்க காயும். டாபி (பாவு நூலைப் பிரிச்சுத் தூக்கி டிசைன் போடுற கருவி) இருக்கிற கைத்தறிலயே இதை நெய்யலாம். இழுவை வேணும்னா ஊடைல (குறுக்கு நூல்ல) ஸ்பான்டெக்ஸ்ங்கிற இழுபடுற இழை சேர்த்த நூல் போடணும், ஆனா தறியில இருக்கிறப்போ விறைப்பா அகலமா தெரியுற துணி தறியை விட்டு இறக்கினதும் சுருங்கிடும், எவ்வளவுன்னு சின்ன துண்டு நெய்து, துவைச்சு, அளந்து எழுதி வைங்க. அந்த அளவுதான் அப்ளிகேஷன்ல பேசும்.

இந்த இயக்கத்தை 2026 மார்ச் வரைக்கும்தான் நீட்டிச்சிருந்தாங்க, அதனால இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு ஜவுளி அமைச்சகம் சைட்ல பாத்துட்டு அப்புறம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு செலவு பண்ணுங்க.

இன்னொண்ணு, லேபிள். 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி விசைத்தறி இல்லாத எந்தத் தறியும் கைத்தறிதான், நூல் எதுன்னு அதுல பேச்சே இல்ல, ஸ்பான்டெக்ஸ் போட்டாலும் கைத்தறி கைத்தறிதான். கதர் அப்படி இல்ல, நூலையும் கையால நூத்திருக்கணும், மில் நூல் வந்தாலே கதர்னு போட முடியாது. முதுகுப் பக்கம் மட்டும் கைத்தறி, மிச்சமெல்லாம் மெஷின் நிட்டிங்னா, முழு டி-ஷர்ட்டும் கைத்தறின்னு சொல்ற மாதிரி கைத்தறி முத்திரையைத் தச்சிடாதீங்க.