கடலோரத்து லோடு வண்டி: வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர் கவனத்துக்கு

வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லும் லோடு வண்டிக்காரர்களை நான் தடுப்பதில்லை. பட்டறை வைத்திருப்பவன் இப்படிச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பிக்கப்புக்கு ஆயில் மாற்றுவது கம்பசூத்திரம் இல்லை. பழையதை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் உண்டு. மதுரையில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் முறையை ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை ஓடும் வண்டிக்கு அப்படியே சொல்ல முடியாது. வீட்டில் கைவைத்துப் பாதியில் நின்று என் பட்டறைக்கு இழுத்துவரப்படும் வண்டிகளில் பெரும்பாலும் ஆயிலால் வந்த கோளாறு இருப்பதில்லை. அதை வடிக்கிற பிளக்கில்தான் வினை.

கரையில் மீன் ஏற்றும் வண்டியின் முன்சக்கரம் ஈர மணலை வாரி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் மேல் அடிக்கிறது. வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றும் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். சம்ப் இரும்புத் தகடாக இருந்தால் பிளக்கைச் சுற்றிப் பொருக்குத் தட்டிப் போகும். அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அரிப்பு வேகமாகும், பிளக் மரைக்குள்ளேயே இறுகிப்போகும். இந்த நிலையில் ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் பிளக்கின் முனைகள் மழுங்கும், இல்லாவிட்டால் சம்ப்பின் மரை பிடுங்கிக்கொண்டு வரும். பிந்தையது நடந்தால் செலவு ஆயில் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே வேலையை முந்தின நாள் மாலையே தொடங்குங்கள். கம்பி பிரஷால் பிளக்கின் தலையைத் துரு போகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்துக் கைவையுங்கள். ஆயில் இளஞ்சூடாக இருந்தால் கசடோடு வடியும். ஓட்டம் முடித்து வந்த சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் முழங்கை வரை வெந்துவிடும்.

தலையில் சரியாகப் பொருந்தும் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நிதானமாக அழுத்தம் கொடுங்கள். பிளக்கின் தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து கையை மட்டும் உள்ளே விட்டுத் திருப்புகிறவர்கள் திசை குழம்பி இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். ‘கிரீச்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டால் நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றுவதுபோல் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். முனை மழுங்குகிறது, அல்லது பிளக் முறியப்போகிறது. ஆயில் இன்னும் உள்ளேதானே இருக்கிறது, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டியே வந்துவிடலாம்.

திரும்பப் போடும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பல சுற்று வெறும் விரலால் ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். கைப்பிடியில் பைப்பைச் செருகி இறுக்குவது வேண்டவே வேண்டாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஜாக்கியில் தூக்கிய வண்டியின் கீழே படுக்காதீர்கள். எந்த ஊருக்கும் இது பொருந்தும் என்றாலும், நம் வீட்டு வாசல்கள் பாதிக்கு மேல் மணல். ஏற்றும்போது உறுதியாக நிற்கும் ஜாக்கி, நீங்கள் கீழே ஸ்பேனரை இழுக்கும் அதிர்வில் ஒரு பக்கமாக இறங்கும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் பாதுகாப்பல்ல, பாரத்தில் செங்கல் வெடித்துவிடும். பெரும்பாலான பிக்கப்புகள் தரையிலிருந்து உயரமாகவே நிற்கின்றன. சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் ஜாக்கியே தேவைப்படாது. சமதளமாக இருந்தால் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பி காட்டும் அளவும் சரியாக இருக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டின் காற்று மறைவுப் பக்கம் பார்த்து நிறுத்துங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், எஞ்சினுக்குள் மணல் போகும்.

ஃபில்டர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு போன் வரும்: “அண்ணே, ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் எல்லாம் வாசலில் கொட்டிவிட்டது.” நான் கேட்கும் முதல் கேள்வி, “பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையம் வந்ததா தம்பி?” என்பதுதான். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரின் வளையம் உட்கார்ந்தால், அழுத்தம் ஏறியதும் இரண்டும் பிதுங்கி வழிவிட்டுவிடும். ஃபில்டர் உட்காரும் இடத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், துணியால் துடையுங்கள். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். கழற்ற வராத ஃபில்டரில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் பழக்கம் இங்கே எடுபடாது. துருப்பிடித்த தகடு கிழிந்துகொண்டு வந்துவிடும். அதற்கென்று இருக்கும் பெல்ட் ஸ்பேனரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில் என்று என்னைக் கேட்பதைவிட வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பழைய டீசல் எஞ்சினுக்குப் பழகிய கையோடு அதே ஆயிலை, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கரிப்புகையைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் அதற்கு ஆகும். மற்றது நாளடைவில் அதை அடைத்துவிடும். கேஜில் ஆயில் அளவு தானாக ஏறினால் மகிழ வேண்டாம், டீசல் கலக்கிறது என்று பொருள். மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்குமாகக் குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டிகளில் இது நடக்கும். பால் கலந்த காபி நிறத்தில் வடிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வீட்டில் தீரும் வேலை இல்லை.

ஊற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரும் முன் முறுக்கினால் அதன் ஆயுள்தான் குறையும். அணைந்ததும் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கசிவு பார்த்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேஜைப் பாருங்கள்.

மீன் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பலரின் வண்டி நிற்கிறது. “ஓடவே இல்லையே, தடை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்” என்பார்கள். ஓடி அழுக்கேறிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அது இரண்டு மாதம் எஞ்சினுக்குள் சும்மா நிற்பதுதான் கெடுதல். நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கீழே படுத்த கையோடு பின்னால் போகும் பிரேக் பைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் பெட்டியின் இடுக்கு வழியாகச் சொட்டுவது அதன் மேல்தான். பொருக்கு எழும்பியிருந்தால் ஆயிலைவிட அதுதான் அவசரம்.

வடித்த கறுப்பு ஆயிலை என்ன செய்வது? சேஸிஸில் பூசினால் துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை இங்கே வேரூன்றிவிட்டது. ரப்பர் புஷ்களை அது ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக் டிரம்மில் சொட்டினால் பிரேக் பிடிக்காது, மணலை அப்பிக்கொண்டு உப்பையும் சேர்த்தே வைத்திருக்கும். துருவுக்கு மருந்து, லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது. குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் ஊர்களில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை.

வாய்க்காலிலோ கரையிலோ ஊற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் கடல் நம்முடையது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. கையுறை போட்டுக்கொண்டு, புது ஆயில் இருந்த காலிக் கேனிலேயே ஊற்றி, ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கேனில் டீசலையோ மீன் தண்ணீரையோ கலந்துவிடாதீர்கள். கலந்துவிட்டால், பழைய ஆயில் எடுப்பவர்கள் அதை வாங்குவதில்லை.